"10 ஸ்பீடு" என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள்

ரோடு சைக்கிளில் மலை ஏற இலகுவான கியர் வேண்டும் என்று கேட்டுப் போனவர் ஒருவர். கடை அவருக்கு இரண்டு மாதத்தில் மாட்டிவிட்டவை: கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), பின் டீரெய்லர் (செயினை அடுத்த பல்சக்கரத்துக்கு நகர்த்தும் பாகம்), செயின், கேபிள் செட், ஷிஃப்டர் ஜோடி (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் லீவர்கள்), முன் டீரெய்லர். தேவைப்பட்டவை முதல் மூன்றுதான். மிச்சமெல்லாம் முதல் நாள் செய்த ஒரு தப்பை மூடி மறைக்க விற்ற சாமான்கள். கடையின் பெயர் வேண்டாம்; இதே வேலை பல ஊர்களில் நடக்கிறது.

வண்டியில் இருந்தது ஷிமானோ கம்பெனியின் 105 ரகக் கியர் பாகங்கள், 5700 வரிசை. பின்னால் 10 ஸ்பீடு, அதாவது பத்துப் பல்சக்கரம்; 12-28 கேசட் (சின்னதில் 12 பல், பெரியதில் 28), முன்னால் 50-34. அவர் கேட்டது 11-34 கேசட். பழைய குட்டைக் கூண்டு டீரெய்லர் (கூண்டு என்பது செயினை இழுத்துப் பிடிக்கும் தொங்கு பகுதி) 34 பல்லுக்கு எட்டாது, ஆகவே டீரெய்லர் மாற்றியது நியாயம். பெரிய பல்லுக்குச் செயின் நீளமும் பற்றாது, அதுவும் நியாயம். தப்பு நடந்தது டீரெய்லரைத் தேர்ந்தெடுத்ததில். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது டியாக்ரா 4700, நீளக் கூண்டு. "பத்துன்னா பத்துதான் சார், எல்லாம் ஷிமானோதானே" என்றாராம்.

அங்கேதான் விஷயம். 4700 வரிசை பெயருக்கு 10 ஸ்பீடு. உள்ளே கேபிள் கணக்கு 11 ஸ்பீடுக்கு வந்த புதுக் கணக்கு. பழைய 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டர்களான டியாக்ரா 4600, 105 5700, அல்டெக்ரா 6700 ஆகியவை ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.3 மி.மீ. கேபிளை இழுக்கும். பழைய டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகரும், கிட்டத்தட்ட 3.95 மி.மீ. வரும். 10 ஸ்பீடு கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரமும் அதுவே. 4700 டீரெய்லரின் பெருக்கமோ 1.4 தான். அதே 2.3 மி.மீ. இழுப்புக்கு அது 3.2 மி.மீ. மட்டுமே நகரும். ஒன்பது கிளிக்கில் 35.5 மி.மீ. போக வேண்டியது 29-இல் நின்றுவிடும். ஒன்றரைப் பல்சக்கரத்துக்கு மேல் பாக்கி. எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் இந்தப் பாக்கி தீராது.

வண்டி ஓடும்போது இது தெரியும் விதம் ஒன்றே. நடுவில் இரண்டு மூன்று கியர் அருமையாக விழும். இரண்டு முனையிலும் கரகரக்கும், தாண்டும், ஏறாது. கேபிளை இறுக்கினால் பெரிய பல் பக்கம் கொஞ்சம் சரியாகும், 11 பல்லுக்கு இறங்காது. தளர்த்தினால் நேர் எதிர். இந்த அறிகுறியை மனதில் வையுங்கள், ஏனென்றால் மற்றக் கோளாறுகள் வேறு மாதிரி பேசும். எல்லாக் கியரும் ஒரே அளவு விலகியிருந்தால் கேபிள் இறுக்கம்; பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகு) அரைச் சுற்று திருப்பினால் தீரும். ஏறும்போது சரி, இறங்கும்போது தாமதம் என்றால் அவுட்டருக்குள் (கேபிளின் மேலுறை) உராய்வு. ஒரே ஒரு பல்சக்கரத்தில் மட்டும் தொல்லை என்றால் அந்தச் சக்கரத்தைப் பாருங்கள்.

கடை என்ன செய்தது? முதலில் "புது கேபிள் இழுபடும், நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க." பிறகு கேபிளும் அவுட்டரும் முழு செட்டாக மாற்றினார்கள். பிறகு ஹேங்கர் (பின் டீரெய்லரை மாட்டும் கொக்கி) வளைந்திருக்கிறது என்று நிமிர்த்தக் கூலி. ஹேங்கர் வளைவது உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அளக்கும் கருவியைச் சக்கரத்தின் நான்கு பக்கமும் வைத்துக் காட்டாமல் கையால் பிடித்துப் பார்த்துச் சொன்னால் நம்பாதீர்கள். கடைசியில் "ஷிஃப்டர் தேஞ்சு போச்சு சார்." 4700 ஷிஃப்டர் ஜோடி பில்லில் ஏறியது. அதற்குப் பழைய முன் டீரெய்லர் பொருந்தாது, அதுவும் புதிது.

இதில் கொடுமை என்னவென்றால், 4700 ஷிஃப்டர் வந்ததும் பின் கியர் மணி மணியாக விழுந்தது. விழத்தானே செய்யும், இப்போது இரண்டும் ஒரே கணக்கு. வண்டிக்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். "தேய்ந்த" 5700 ஷிஃப்டரைக் கடை சொற்ப விலைக்குக் கழித்துக்கொண்டது. பிற்பாடு அதே ஜோடி வேறொரு வண்டியில் பத்துக் கியரும் போட்டு ஓடுகிறது.

இவ்வளவு செலவில்லாத வழி இருந்தது. பழைய 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டருக்கு 1.7 கணக்கில் உள்ள 9 ஸ்பீடு டீரெய்லரே போதும். டீரெய்லருக்கு எண்ணிக்கை தெரியாது, எண்ணுவது ஷிஃப்டர்தான். சோரா ஆர்3000 நீளக் கூண்டு 34 பல் வரை எடுக்கும். 9 ஸ்பீடு மவுண்டன் டீரெய்லர், உதாரணமாகப் பழைய டியோர் எம்591, அதுவும் சேரும். 10 ஸ்பீடு மவுண்டன் டீரெய்லர் மட்டும் வேண்டாம், அதன் கணக்கு மூன்றாவது வகை. கேசட்டுக்கு எச்ஜி500-10, 11-34. இதைச் சொன்னால் "9 ஸ்பீடு போட்டா கியர் குறைஞ்சிடும்" என்று சிரிக்கும் கடைகள் உண்டு. சிரிக்கட்டும்.

செயின் நீளத்தைக் கண்ணால் பார்த்து வெட்ட விடாதீர்கள். டீரெய்லருக்குள் நுழைக்காமல் பெரிய முன்சக்கரம், பெரிய பின்சக்கரம் இரண்டின் மேலும் சுற்றி, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டிய செயினோடு பெரிய-பெரிய கியர் போட்டால் டீரெய்லரோ ஹேங்கரோ பிய்ந்து வரும். "செயின் தேய்ந்தது" என்பதையும் நீங்களே அளக்கலாம்: புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி 304.8 மி.மீ. இருக்கும். 306.3 தாண்டினால்தான் மாற்றும் பேச்சு.

இன்னொரு விற்பனை உத்தி, 11 ஸ்பீடுக்குப் போகிறவர்களிடம்: "சக்கரமே மாத்தணும்." பாதி உண்மை. 11 ஸ்பீடு ரோடு கேசட்டுக்கு 1.85 மி.மீ. நீளமான ஃப்ரீஹப் (சக்கரத்தில் கேசட் ஏறும் உருளை) வேண்டும். ஆனால் எச்ஜி700, எச்ஜி800 என்ற 11-34 கேசட்கள் பழைய 10 ஸ்பீடு ஃப்ரீஹப்பிலேயே ஏறும்; நீளமான ஃப்ரீஹப்பில்தான் 1.85 மி.மீ. ஸ்பேசர் போட வேண்டும். மலைக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் சக்கரம் வாங்கத் தேவையே இல்லை.

கடைக்குப் போகும்முன் ஷிஃப்டரின் பிரேக் லீவருக்குப் பின்னாலும் டீரெய்லரின் உள்பக்கத்திலும் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுங்கள். பில்லில் "ஆர்டி 10எஸ் - 1" (10 ஸ்பீடு பின் டீரெய்லர் ஒன்று) என்று எழுதினால் திருப்பிக் கொடுத்து முழு மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், "இன்ன ஷிஃப்டருடன் பொருந்தும்" என்ற வரியோடு. கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் கையோடு வாங்கி வாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். கடை மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே கேட்கும் முதல் காகிதம் அந்தப் பில்தான்.