யாருடைய செல், எந்த உறுப்பின் செல்?

பினாங்கில் எங்கள் ஆய்வகத்தின் திரவ நைட்ரஜன் கலத்திலிருந்து சென்ற மாதம் உறைய வைத்த செல்கள் உள்ள ஒரு குப்பியை வெளியே எடுத்தோம். கையுறை விரலால் உறைபனியைத் துடைத்ததும் மங்கிய மை தெரிந்தது: ‘சிஎன்இ-2, மூக்குத்தொண்டைப் புற்று’. வேறோர் ஆய்வகம் எப்போதோ கொடுத்தது. “லேபிளில் உள்ள செல்தானா என்று பார்க்க எஸ்டிஆர் சோதனை ஒன்று போதும் அல்லவா, அக்கா?” என்றான் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி.

போதாது. எஸ்டிஆர், டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணுகிறது. இரண்டு மாதிரிகள் 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தினால் பெரும்பாலும் ஒரே ஆளுடையவை. மலிவு, ஒப்பிடத் தரவுத்தளமும் உண்டு. முதல் சோதனையாக அதற்கே என் வாக்கு. ஆனால் ஒருவரின் தோலுக்கும் நுரையீரலுக்கும் அது தரும் விடை ஒன்றுதான்.

உறுப்பைச் சொல்வது ஆர்என்ஏ. எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்து, இனம் இனத்தோடு சேர்த்துவிடும். செலவு அதிகம், கணினி வேலையும் அதிகம். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசை, அதாவது ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள், 1976 முதல் மார்பகப் புற்று என்றே பெயர் வாங்கியிருந்தது. 2000-ல் மரபணு வெளிப்பாட்டு ஆய்வில் அது மெலனோமா என்னும் தோல் புற்றுச் செல்களின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஐயத்தைக் கிளப்பியது ஆர்என்ஏ. எம்14 என்ற மெலனோமா வரிசையும் இதுவும் ஒரே ஆளுடையவை என்று முடித்துவைத்தது டிஎன்ஏ. யு87 என்ற மூளைக் கட்டி வரிசையின் கதை நேர்மாறு. ஆய்வகங்களில் புழங்கும் யு87, ஸ்வீடனின் உப்சாலாவில் முதலில் அது எடுக்கப்பட்ட நோயாளியுடையது அல்ல என்று 2016-ல் டிஎன்ஏ காட்டியது. ஆர்என்ஏவோ, மூளைக் கட்டிதான் என்றது. ஆள் மாறியது, உறுப்பு மாறவில்லை!

குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றுவது பலருக்கும் பழகிய வழி. நோயாளியின் திசுவில் நம்பலாம். தட்டில் நெடுநாள் வளர்ந்த செல்கள் தம் அடையாளப் புரதங்களைத் தொலைத்துவிடும். இதைத் தனியே நம்பி ஒரு கட்டுரையையும் நான் எழுத மாட்டேன்.

எங்கள் குப்பிக்கு, வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனையே கைகொடுத்தது. நம் வட்டாரத்து மூக்குத்தொண்டைப் புற்றில் பெரும்பாலும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் இருக்கும். வளர்ப்பில் அது கழன்றுபோவதும் உண்டு, ஆகவே இல்லாமை எதையும் நிறுவாது. சி666-1 என்ற மூக்குத்தொண்டைப் புற்று வரிசை அந்த வைரஸை விடாமல் வைத்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்களில் எச்பிவி-18 என்ற வேறொரு வைரஸ் உண்டு. சிஎன்இ-2-இல் ஹீலா கலந்திருப்பதும் ஏற்கெனவே வெளியான செய்திதான்.

பிசிஆர் விளைவை ஓட்டிப் பார்த்த ஜெல்லில் எச்பிவி-18 பட்டை பளிச்சென்று நின்றது. தம்பி லேபிளை உரிக்கப் போனான். “உரிக்காதே, பக்கத்தில் ‘ஹீலா கலப்பு’ என்று எழுதி ஒட்டு” என்றேன்.