உயர்பதவியினரின் பணிச்சோர்வுக்கு உளச்சிகிச்சை: சென்னை மையம் ஒன்றைப் பற்றி

உயர்பொறுப்பில் உள்ளோரின் பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வுக்குச் சிறப்புச் சிகிச்சை அளிப்பதாக விளம்பரம் செய்யும் தனியார் உளநல மையங்கள் சென்னையில் இப்போது பல உள்ளன. அவற்றுள் நுங்கம்பாக்கத்தில் இயங்கும் ஒன்றுக்கு ஆடிட்டரான நான் சில மாதங்களாகச் சென்று வருகிறேன். சிகிச்சை தருபவரைப் பாராட்டவும், மையத்தின் நிர்வாகத்தைக் குறை சொல்லவும் வேண்டியிருப்பதால் இரண்டையும் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, பர்ன்அவுட்டைத் தொழில்சார்ந்த நிலையாகக் குறிப்பிடுகிறதே தவிர நோயாகச் சேர்க்கவில்லை. எனவே அந்தப் பெயரோடு வருபவரிடம் மனச்சோர்வு நோய் இருக்கிறதா, உடலில் வேறு கோளாறு உண்டா என்று முதலிலேயே பார்ப்பது சிகிச்சை தருபவரின் கடமை. இங்கே அது முறையாக நடந்தது. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளைச் செய்துவரச் சொன்னார். மனச்சோர்வை அளவிடும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பச் சொன்னார். மருந்து தேவைப்படும் நிலை வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதாகவும், மருந்து எழுதும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும் தெளிவுபடுத்தினார். அவர் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். பதிவு எண் அறைச் சுவரிலேயே இருக்கிறது.

பயன்படுத்தும் முறை, சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ரேங்க் வாங்கியே பழகியவர்கள் இந்தச் சிகிச்சையையும் இன்னொரு தேர்வாக மாற்றிவிடுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தினமும் எப்போது களைப்பு கூடுகிறது என்று குறித்துவரச் சொன்னதை நான் எக்செல்லில் வண்ணம் பிரித்து, வரைபடத்தோடு கொண்டுபோனபோது, "இதுலயும் சென்டம் வேணுமா சார்?" என்று சிரித்தவர், அடுத்த வாரக் குறிப்பைப் பாதியில் நிறுத்தியே கொண்டுவர வேண்டும் என்றார். அதைச் செய்வது பேலன்ஸ் ஷீட்டை டேலி ஆகாமல் விட்டுவைப்பதைப் போல அவ்வளவு சிரமமாக இருந்தது.

இரவில் வரும் கிளையண்ட் மெயிலுக்கு மறுநாள் காலைதான் பதில் அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு பயிற்சி. என்ன நடக்கும் என்று நான் அஞ்சுவதை முன்கூட்டியே தாளில் எழுத வேண்டும். "வேறு ஆடிட்டரிடம் போய்விடுவார், 80 சதவீதம் உறுதி" என்று எழுதினேன். காலையில் நான் பதில் அனுப்பியதும் அந்தக் கிளையண்டிடமிருந்து வந்தது, ஜிஎஸ்டி சலானும் ஒரு நன்றியும் மட்டுமே. அறிவுரையாகக் கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன்; என் கையெழுத்தில் இருந்த கணிப்பு தவறியதை மறுக்க வழியில்லை.

வேலைச்சுமையை இந்தச் சிகிச்சை குறைத்துவிடாது. பர்ன்அவுட் ஆய்வில் முன்னோடியான கிறிஸ்டினா மாஸ்லாக், அதற்குக் காரணமாகத் தனிமனிதரின் பலவீனத்தை விடப் பணிச்சூழலையே அதிகம் சுட்டுகிறார். டாக்ஸ் ஆடிட்டுக்கான செப்டம்பர் 30 கெடுவை எந்த உளவியலாளராலும் தள்ளிவைக்க முடியாது (அது நேரடி வரிகள் வாரியத்தின் கையில் இருக்கிறது). அதை எனக்குச் சிகிச்சை தருபவரே ஒப்புக்கொண்டு, எந்தக் கணக்குகளை நான் ஏற்காமல் விடலாம் என்ற பேச்சுக்கு நேரம் ஒதுக்கியது எனக்கு நேர்மையாகப் பட்டது.

நிர்வாகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. வரவேற்பறையில் பெயரையும் நிறுவனத்தையும் உரக்கக் கூப்பிடுகிறார்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கும் இடத்தில் இது பொருந்தாத பழக்கம். முன்பணம் கட்டி "பீக் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்" எடுக்கச் சொல்லி விடாமல் வற்புறுத்துகிறார்கள். களைத்து வருபவரிடம் இன்னும் அதிகமாக உழைக்க வைப்பதாக ஆசை காட்டுவது, உள்ளே நடக்கும் சிகிச்சைக்கு நேர்எதிரானது. நான் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகவே பணம் கட்டுகிறேன். அதற்கு மறுப்பு இல்லை.

ஐம்பது நிமிட செஷனுக்கு 2,000 ரூபாய். உளநலச் சிகிச்சைக்கும் உடல்நலச் சிகிச்சைக்கு இணையான காப்பீடு வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், மருத்துவமனையில் தங்காமல் பெறும் இத்தகைய ஆலோசனைக்கு என் பாலிசியில் இடமில்லை. அவ்வளவு செலவழிக்க இயலாதவர்கள் அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த மையத்துக்கே செல்வதானால் மாலை நேரத்துக்கு இரண்டு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். ரசீதைக் கேட்டால்தான் தருவார்கள்.