ஐந்து வருடம் ரீல்ஸில் செய்தி பார்த்த அனுபவம்

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். எதில் பார்த்தாலும் எங்களுக்கு அது ரீல்ஸ்தான். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு தினத்தந்தி வரும். அப்பா வாசிப்பார். நான் அதைத் தொட்டே ஐந்து வருடம் ஆகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியபோது, வண்டியை எடுக்கும் முன்பே பெல்லந்தூர் நிலவரம் கைப்பேசியில் தெரிந்துவிட்டது. டிராக்டரில் ஏறி ஆபீஸ் போகிறவர்களைப் பார்த்தேன். சரி, இன்று வீட்டிலிருந்தே வேலை என்று முடிவு செய்தேன். மறுநாள் பேப்பரால் இந்த உதவியைச் செய்திருக்க முடியாது.

அடுத்த வருடம் அதே செப்டம்பரில்தான் நன்றாக மாட்டிக்கொண்டேன். காவிரிக்காக 26ஆம் தேதி பெங்களூரு பந்த். காலையில் எழுந்ததும் பேருந்துகள் கொழுந்துவிட்டு எரியும் வீடியோ. பதறிப்போய்ச் சேலத்தில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தத் தேதி வீடியோடா அது?" தேடிப் பார்த்தால் 2016 கலவரத்தில் எடுத்தது. வெளியே எங்கள் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, அவ்வளவுதான். பேப்பரில் தலைப்புக்கு மேலேயே தேதி இருக்கும். ரீல்ஸில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீடியோக்கள் வரும் வரிசைக்கும் நாள்காட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றும் அந்த வாரம்தான் உறைத்தது. தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீரை வினாடிக்கு 5,000 கனஅடி வீதம் 15 நாள் திறக்கச் சொல்லிக் கர்நாடகாவுக்கு உத்தரவு. ரீல்ஸில் இரண்டு பக்கமும் கத்தினார்களே தவிர, அது எவ்வளவு தண்ணீர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பா பேப்பர் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். வினாடிக்குச் சுமார் 11,500 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி. அப்படியென்றால் 15 நாளுக்கு ஆறரை டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது வருடத்துக்கு 177.25 டிஎம்சி. இந்தக் கணக்கைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நேரம் போதவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது இன்ஸ்டாகிராமில் நான் பின்தொடர்கிறவர்களை மட்டும் தேதி வரிசையில் பார்க்கிறேன். கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது, ஆனால் பழைய தீ வருவதில்லை. யாருக்காவது அனுப்பும் முன் கமெண்டுகளையும் ஒரு பார்வை பார்க்கிறேன். "இது பழசு" என்று பெரும்பாலும் யாராவது எழுதியிருப்பார்கள்.

போன வாரம் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் காவிரித் தண்ணீர் வரவில்லை. அதற்கு ஒரு ரீலும் இல்லை, பேப்பரிலும் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம்தான் கேட்டேன், குழாய் உடைப்பாம்.