மூன்று கடைசி சீசன்கள்: ஷீ-ரா, வோல்ட்ரான், சாமுராய் ஜாக்

கதை முடிவுகளை மறைத்து வைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டை எழுத முடியாது. மூன்றில் எதையாவது இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள், பார்த்து முடித்தபின் படிப்பது நல்லது.

'வோல்ட்ரான்: லெஜண்டரி டிஃபெண்டர்' தொடரின் எட்டாவது சீசன் 2018 டிசம்பர் 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 'ஷீ-ரா அண்டு தி பிரின்சஸஸ் ஆஃப் பவர்' தொடரின் ஐந்தாவது சீசன் 2020 மே 15 அன்று அதே நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இரண்டையும் தயாரித்தது டிரீம்வொர்க்ஸ். இரண்டும் பழைய கார்ட்டூன்களைப் புதிதாக எழுதியவை. வோல்ட்ரானின் மூலம் 1984-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஷீ-ராவின் மூலம் 1985-ஐச் சேர்ந்தது. கடைசி சீசனில் இரண்டுக்கும் 13 எபிசோடுகள்தான். இத்தனை பொருத்தம் இருந்தும் ரசிகர்கள் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இன்னொன்றின் பெயரைக் கேட்டால் இன்றும் முகம் சுளிக்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. ஷீ-ராவில் காதலர்கள் சேர்ந்தார்கள், வோல்ட்ரானில் நாயகி இறந்தாள். ரசிகர்களுக்குச் சுப முடிவு பிடிக்கும், சோக முடிவு பிடிக்காது. இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மனம் கனக்க வைத்த எத்தனையோ முடிவுகளை ரசிகர்கள் நெஞ்சில் வைத்துப் போற்றியிருக்கிறார்கள். இந்த இரண்டு சீசன்களும் எழுப்புவது ஒரே கேள்வியை: உலகத்தைக் காப்பாற்ற ஒருத்தி தன்னையே கொடுத்துவிட வேண்டுமா? ஷீ-ரா அந்தக் கேள்வியைக் கதாபாத்திரங்களின் வாயாலேயே கேட்க வைத்து, அவர்களை அதன்மேல் சண்டை போட வைத்தது. வோல்ட்ரான் கேள்வியைக் கேட்காமலேயே பதிலைச் சொல்லிவிட்டது.

வோல்ட்ரானிலிருந்து தொடங்கலாம். ஐந்து சிங்க இயந்திரங்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் ராட்சத ரோபோவையும் அதை ஓட்டும் குழுவையும் பற்றிய கதை அது. அதன் நாயகி இளவரசி அலூரா. பத்தாயிரம் ஆண்டுகள் உறைதூக்கத்தில் கிடந்து விழித்தவள். விழித்ததும் அவள் அறிந்துகொள்வது, தன் தந்தையும் தன் கிரகமான ஆல்டியாவும் எப்போதோ அழிந்துவிட்டன என்பதைத்தான். எட்டு சீசன்களாக அவள் இழந்துகொண்டே இருக்கிறாள். கடைசி எபிசோடில், அழிந்துபோன பிரபஞ்சங்களையெல்லாம் மீட்பதற்காக தொடரின் பெரும் எதிரியான ஹொனெர்வாவுடன் சேர்ந்து தன் உயிரைக் கொடுக்கிறாள். அதன் பலனாக ஆல்டியா மீண்டும் உருவாகிறது, அதைப் பார்க்க அவள் மட்டும் இல்லை. ஓராண்டு கழித்து நண்பர்கள் கூடுவது அவளுடைய சிலையைச் சுற்றி.

இதில் ஒரு துன்பியல் நாடகத்துக்கான எல்லாமே இருக்கிறது. சரியாக எழுதியிருந்தால் ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டிருக்கும் முடிவு இது. எழுதியவிதம்தான் கெடுத்தது. விடைபெறும் காட்சி சில நிமிடங்களில் முடிகிறது. தோழர்களில் யாராவது "வேறு வழி தேடுவோம், நேரம் கொடு" என்று விடாமல் மல்லுக்கு நின்றார்களா? எதிர்ப்பு ஒப்புக்கு எழுகிறது, உடனே கண்ணீருடன் அடங்கிவிடுகிறது. முதல் எபிசோடிலேயே குழுவின் விமானி லான்ஸுக்கும் அவளுக்கும் காதலைத் தொடங்கிவைத்த சீசன், அந்தக் காதலனுக்குக் கன்னத்தில் இரண்டு ஆல்டிய அடையாளங்களையும் பண்ணை வாழ்க்கையையும் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

ரசிகர்கள் முன்வைத்த இன்னொரு குற்றச்சாட்டு கூர்மையானது, எனக்கும் நியாயமாகவே படுகிறது. பழைய தொடரில் வெளிர் நிறத்தில் வரையப்பட்ட அலூராவை இந்தத் தொடர் கருநிறப் பெண்ணாக்கியது. கிம்பர்லி புரூக்ஸ் என்ற கறுப்பின நடிகையின் குரலைக் கொடுத்து, குழுவின் மையத்தில் நிறுத்தியது. அப்படி நிறுத்திய ஒருத்தியை மற்றவர்கள் வாழ்வதற்காகச் சாகவைத்தபோது, அந்த இடத்தில் தங்களைக் கண்டு மகிழ்ந்திருந்தவர்களுக்கு ஏற்பட்ட வலியை "கதை அப்படித்தான் கேட்டது" என்ற பதிலால் ஆற்ற முடியாது. கதை அப்படிக் கேட்டது என்பதைத்தான் சீசன் நிரூபிக்கவில்லையே.

வோல்ட்ரானின் பரம்பரையிலேயே மரணம் ஒரு சிக்கலான விஷயம் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1984-இன் அமெரிக்கத் தொடர், 1981-இல் வந்த 'கோலயன்' என்ற ஜப்பானியத் தொடரை வெட்டி ஒட்டி உருவாக்கியது. ஜப்பானிய மூலத்தில் குழுவில் ஒருவர் இறக்கிறார். அமெரிக்கப் பதிப்பு அவரைக் காயம்பட்டவராக்கி, சிகிச்சைக்காக வேறு கிரகத்துக்கு அனுப்பிவைத்தது. ஒரு காலத்தில் மரணத்தை ஒளித்த கதை, 2018-இல் அதைத் திரைக்கு நடுவில் நிறுத்தத் துணிந்தது. துணிச்சலைப் பாராட்டலாம்.

இப்போது ஷீ-ரா. மந்திர வாளால் ஷீ-ரா என்ற வீராங்கனையாக மாறும் அடோரா, அவளோடு வளர்ந்து எதிரியாகிப்போன கேட்ரா, அடோராவின் தோழி கிளிம்மர் ஆகியோரின் கதை இது. நான்காவது சீசனின் முடிவில் அடோரா தன் வாளையே உடைத்துவிட்டாள். கேட்ராவும் கிளிம்மரும் விண்ணிலிருந்து படையெடுத்துவந்த ஹோர்ட் பிரைமின் கப்பலில் சிறைப்பட்டிருக்கிறார்கள். ஐந்தாவது சீசனின் மூன்றாவது எபிசோடில் கேட்ரா தன்னைப் பலிகொடுத்துக் கிளிம்மரைத் தப்பிக்க வைக்கிறாள். ஐந்தாவது எபிசோடில் அடோரா கேட்ராவை மீட்கப் போகிறாள். அதாவது, மற்ற தொடர்கள் கிளைமாக்ஸுக்கு ஒதுக்கிவைக்கும் மன்னிப்பையும் மீட்பையும் இந்தத் தொடர் சீசனின் முதல் பாதிக்குள் முடித்துவிடுகிறது. மீதி எட்டு எபிசோடுகளில் கேட்ரா, தான் காயப்படுத்தியவர்களோடு ஒரே கப்பலில் உட்கார்ந்து, ஒரே சோற்றைத் தின்று வாழவேண்டியிருக்கிறது. கெட்டவர்கள் திருந்தும் கதைகளில் பெரும்பாலும் நமக்குக் காட்டப்படாத பகுதி இதுதான்.

அடுத்து வருவது 'ஃபெயில்சேஃப்' என்ற ஏற்பாடு. எதீரியா கிரகத்தின் மந்திர சக்தியை விடுவிக்க அதை ஒருவர் தன் உடலில் ஏற்கவேண்டும், ஏற்பவர் பிழைக்கமாட்டார். அடோரா தயங்காமல் முன்வருகிறாள். பிறரைக் காப்பதற்காக மட்டுமே தான் பிறந்திருப்பதாக நம்பி வளர்ந்தவள் அவள். அலூரா நின்ற அதே இடம். ஆனால் இங்கே கேட்ரா கோபித்துக்கொண்டு வெளியேறுகிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்கும் கேள்விக்கு அடோராவிடம் பதில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன்னையே பலிகொடுத்த முந்தைய ஷீ-ராவான மாரா வந்து, பிறருக்கு எதைக் கொடுக்க முடியும் என்பதை வைத்து உன் மதிப்பை அளக்காதே, அன்பு உனக்கும் உரியது என்று சொல்கிறாள். தியாகம் செய்தவளே தியாகத்துக்கு எதிராகப் பேசும் அந்தக் காட்சிதான் சீசனின் அச்சாணி. அதற்குப் பிறகு வரும் காதல் அறிக்கையும் முத்தமும் உலகத்தைக் காப்பாற்றுவது வசதியான மாயம் போலத் தோன்றவில்லை. வாதம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது; முத்தம் அதன் தீர்ப்பு.

ஷீ-ராவின் ரசிகர்கள் தங்கள் தொடருக்குக் கொஞ்சம் அதிகமாகவே சலுகை காட்டுகிறார்கள் என்பதும் என் கருத்து. மூன்றாவது சீசனின் முடிவில் கேட்ரா இழுத்த நெம்புகோல்தான் கிளிம்மரின் தாய் ஏஞ்செல்லாவைப் பறித்தது. கடைசி சீசனில் கேட்ராவும் கிளிம்மரும் நண்பர்களாகிறார்கள். ஆனால் ஏஞ்செல்லாவைப் பற்றி இருவரும் மனம்விட்டுப் பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை. முந்தைய சீசன்களின் வில்லன் ஹோர்டாக் ஆண்டுக்கணக்கில் ஊர்களை எரித்தவன். ஹோர்ட் பிரைம் என்ற பெரிய பிசாசு வந்ததால் சின்னப் பிசாசின் கணக்கு தள்ளுபடியானது. பிரைமும் தத்துவம் பேசும் வெண்ணிறச் சர்வாதிகாரி என்பதைத் தாண்டி வளரவில்லை. ஷேடோ வீவரின் மரணம் இன்னும் சங்கடமானது. அடோரா, கேட்ரா இருவரையும் சிறு வயதிலிருந்து கொடுமைப்படுத்தி வளர்த்தவளுக்கு, அவர்களுக்காகவே உயிர்விடும் வீரமரணம். இதைச் சிலர் மீட்பாகப் பார்க்கிறார்கள். சிலர் அதையே அவளுடைய கடைசிச் சூழ்ச்சியாகப் பார்க்கிறார்கள். வெறுக்கக்கூட விடாமல் கடன்பட வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று. இரண்டாவது வாசிப்பே எனக்குப் பொருந்துகிறது. அதைக் காட்சி தெளிவாகச் சொல்லாததைக் குறையாகப் பார்க்கவில்லை.

தன்பால் காதலைக் காட்டிய விதத்தில் இரண்டு தொடர்களும் எதிரெதிர் துருவங்கள். வோல்ட்ரான் குழுவின் முதல் தலைவரான ஷிரோவுக்கு ஆதம் என்ற காதலன் இருந்ததை 2018 ஜூலையில் நடந்த சான் டியேகோ காமிக்-கானில் வோல்ட்ரான் குழு பெருமையாக அறிவித்தது. ஆகஸ்டில் வந்த ஏழாவது சீசனில் ஆதம் சில நிமிடங்களே தோன்றி, போரில் இறந்துபோனார். எதிர்ப்பு வலுத்ததும் தயாரிப்பாளர் வொக்கீம் டோஸ் சாண்டோஸ் திறந்த மடல் எழுதி மன்னிப்புக் கேட்டார். பிறகு எட்டாவது சீசனின் பின்னுரையில் ஷிரோ திருமணம் செய்துகொள்கிறார். மணமகன் கர்டிஸ், கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் பின்னால் நின்றுகொண்டிருந்த ஓர் அதிகாரி. "யார் இவர்?" என்று ரசிகர்கள் எபிசோடுகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. மறுபுறம் அடோராவும் கேட்ராவும் முதல் சீசனின் முதல் எபிசோடிலிருந்தே கதையின் முதுகெலும்பு. ஷீ-ராவை உருவாக்கிய என். டி. ஸ்டீவன்சன், அந்த முடிவுக்கான விதையைத் தொடக்கத்திலேயே ஊன்றியிருந்தார்.

வோல்ட்ரானின் பின்னுரையைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். அலூராவின் மரணத்தைவிட எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். கதாபாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்பதை அசையாத படங்களாகவும் வாசகங்களாகவும் காட்டி முடித்துவிட்டார்கள். விமானிகளில் ஹங்க் சமையலால் சமாதானம் பேசுகிறான், கீத் பழைய போராளிக் குழுவை நிவாரணப் படையாக மாற்றுகிறான். அழகான யோசனைகள்; ஒவ்வொன்றும் அரை எபிசோடுக்குத் தாங்கும். அதே சீசனில் ஒரு எபிசோட் முழுவதும் ஆவணப்பட பாணியில் போகிறது, இன்னொன்றின் பெரும்பகுதி கேளிக்கை விழாவில் கழிகிறது. அவை மோசமானவை என்று சொல்லமாட்டேன், ஆவணப்பட எபிசோடை நான் ரசித்தேன்கூட. ஆனால் விழாவுக்கு இடம் இருந்த சீசனில் விடைபெறுவதற்கு இடம் இல்லாமல் போனது.

ரசிகர்களில் ஒரு பகுதியினர், வெளியானது அசல் சீசனே இல்லை, கடைசி நேரத்தில் யாரோ வெட்டித் திருத்திவிட்டார்கள் என்று நம்பி, அசலை வெளியிடக் கோரி மனுவே போட்டார்கள். அப்படி ஒரு அசல் இருந்ததாக எனக்கு நம்பிக்கையில்லை. என்றாலும் அந்த நம்பிக்கை முளைத்ததற்கு சீசனே காரணம். ஒட்டுப்போட்ட இடங்கள் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தன.

மூன்றாவது போட்டியாளர் 'சாமுராய் ஜாக்'. ஆகு என்ற அரக்கன் எதிர்காலத்துக்கு வீசியெறிந்த ஒரு சாமுராய், தன் காலத்துக்குத் திரும்பப் போராடும் கதை. ஜென்டி டார்டகோவ்ஸ்கியின் இந்தத் தொடர் 2001 முதல் 2004 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் 52 எபிசோடுகள் ஓடி, முடிவில்லாமல் நின்றுபோனது. ஐந்தாவது சீசன் 2017-இல் அடல்ட் ஸ்விமில் பத்து எபிசோடுகளாக வந்தது. எபிசோடுகளுக்கு எண் மட்டுமே தலைப்பாக உள்ள தொடர் இது. புதிய சீசன் 53-இல் தொடங்காமல் 92-க்குத் தாவியது. நாம் பார்க்காத ஐம்பது ஆண்டுகள் கதைக்குள் ஓடிவிட்டன என்பதற்கான குறிப்பு அது. ஜாக் மூப்படையவில்லை, ஆனால் தாடி வளர்ந்திருக்கிறது, வாள் தொலைந்திருக்கிறது, மனம் உடைந்திருக்கிறது.

முதல் மூன்று எபிசோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இந்த ஒப்பீட்டில் மற்ற இரண்டும் அதன் அருகில்கூட வராது. முந்தைய சீசன்களில் அவன் வெட்டியவை பெரும்பாலும் இயந்திரங்கள், எண்ணெய் தெறிக்கும். இங்கே முதன்முறையாக முகமூடிக்குப் பின்னால் ஒரு மனித உடல் இருப்பதை அவன் உணரும் தருணம், ஏறக்குறைய வசனமே இல்லாமல் நம்மை உலுக்குகிறது. பத்து எபிசோடுகளில் ஏழு, அவன் வாளைத் திரும்பப் பெறுவதற்கே செலவாகின்றன. எஞ்சிய மூன்றில் காதல், அவன் காதலியான அஷி ஆகுவின் மகள் என்ற உண்மை, இறுதிப் போர், கடந்தகாலத்துக்குத் திரும்புதல், ஆகுவின் அழிவு, திருமணம், மணமேடைக்குப் போகும் வழியில் அஷி மறைந்துபோதல் எல்லாமே நடந்தாகவேண்டும். ஆகுவே இல்லாவிட்டால் அவன் மகள் எப்படி இருப்பாள் என்ற தர்க்கம் சரி. அப்படியென்றால் திருமண நாள்வரை அவள் எப்படி இருந்தாள் என்ற கேள்வியை ரசிகர்கள் இன்னும் விடவில்லை. ஆகுவின் குரலாக வாழ்ந்த மாகோ 2006-இல் மறைந்துவிட்டார். கிரெக் பால்ட்வின் அந்த இடத்தை மதிப்போடு நிரப்பினார். அந்த அரக்கனுக்குக் கிடைத்த முடிவுதான் அவசரக்கோலம்.

அஷியும் அலூராவும் ஒருவகையில் சகோதரிகள். இருவரும் காதல் கைகூடிய சீசனிலேயே மறைகிறார்கள். ஆனால் அஷியின் மறைவை ரசிகர்கள் அலூராவின் மரணம் அளவுக்கு வெறுக்கவில்லை. காலத்தை மாற்றினால் விலை கொடுக்கவேண்டும் என்பது தொடரின் முதல் நாளிலிருந்தே கதைக்குள் இருந்தது. அலூராவின் தியாகத்துக்கு அப்படி ஒரு விதி முன்பே வகுக்கப்படவில்லை. அதோடு, 2020-இல் வந்த 'சாமுராய் ஜாக்: பேட்டில் த்ரூ டைம்' கேம் அஷி பிழைத்திருக்கும் ஒரு மாற்று முடிவை ஒளித்து வைத்திருந்தது. அலூராவின் ரசிகர்களுக்கு அந்த ஆறுதல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு கடைசி சீசனுக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு ஷீ-ரா. ஆனால் அதை முந்தைய நான்கு சீசன்கள் இல்லாமல் பார்ப்பதில் பயனில்லை, மொத்தம் 52 எபிசோடுகள் ஆகும். சாமுராய் ஜாக்கின் ஐந்தாவது சீசனை, பழையவற்றில் ஓரிரண்டை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். பத்து எபிசோடுகளை ஒரே மாலையில் முடித்துவிடவும் முடியும். வோல்ட்ரானின் 78 எபிசோடுகளில் ஆறாவது சீசனோடு நின்றுவிடுங்கள் என்று பழைய ரசிகர்கள் புதியவர்களுக்கு ஆலோசனை சொல்வதுண்டு. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆறாவது சீசன் அவர்களுடைய கோட்டைக் கப்பலை அழித்துவிட்டு நடுவழியில் விடுகிறது. ஏழாவதில் பூமி எப்படி வீழ்ந்தது என்று காட்டும் இரண்டு எபிசோடுகள் தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் சேரும். பூமியை மீட்டதும், மருத்துவமனைக் கட்டில்களில் குழு கண்விழிக்கும் இடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். அலூரா அங்கே உயிரோடு இருக்கிறாள்.