கொரோலா 110 வாங்கப் போகிறீர்களா? எஞ்சின் இலக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்

கொழும்புப் பக்கம் டொயோட்டா கொரோலா 110 தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். 1995-ல் ஜப்பானில் வந்த மொடல். நாங்கள் வாங்கியது அதில் ஏஈ110 என்ற வகை, 1500 சீசீ பெற்றோல் எஞ்சின். குடும்பத்துக்கு அருமையான கார், அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2020-ல் வாகன இறக்குமதி நின்றதும் இந்தப் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. கூடவே ஏமாற்றி விற்கும் தரகர்களும் பெருகிவிட்டார்கள்.

"ஒரே ஓனர், அண்ணை. டொக்டர் பாவிச்ச கார்" என்றுதான் எங்களுக்குக் காரை விற்ற தரகர் சொன்னார். மீற்றர் 90 ஆயிரத்துச் சொச்சம் காட்டியது. பெடல் ரப்பர்கள் புதிது, ஸ்டியரிங்குக்கும் புதுக் கவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது; கடைக்குப் போய் வந்தேன் என்றார். புகை இல்லை, சத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. ஒயிலும் மளமளவென்று இறங்கியது. கராஜில் ஒயிலை இறக்கிப் பார்த்த மெக்கானிக், தேய்ந்த எஞ்சினின் புகையை மறைக்கத் தடித்த ஒயிலோடு ஏதோ மருந்தும் கலந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றார். சரி, எஞ்சின் வேலை செய்தால் தீரும் என்று நினைத்தோம். அப்புறம் அவர் எஞ்சின் புளொக்கில் படிந்திருந்த கிறீஸைத் துடைத்தார். அதில் குத்தியிருந்த இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் வேறு வேறு! எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவே இல்லை. அது திருட்டுக் காரின் எஞ்சினாக இருந்தால் பொலிஸுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? காரை வைத்திருக்கும் நாங்கள்தானே.

தரகரைக் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீங்கள்" என்கிறார். ஒரு குடும்பத்தின் சேமிப்பை வாங்கிக்கொண்டு சொல்கிற பேச்சா இது?

மீற்றரை நம்பவே வேண்டாம். எண் உருளைகள் சுழலும் பழைய மீற்றரைப் பின்னால் திருப்புவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. காலையில், குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பொனற்றைத் திறந்து சஸி இலக்கம் (காரின் உடலில் குத்தியிருக்கும் இலக்கம்), எஞ்சின் இலக்கம் இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். துடைக்க விடமாட்டேன் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவரோ இப்போது இன்னொரு 110-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதற்கும் அதே "டொக்டர் பாவிச்ச கார்" கதைதான்.