பாண்டி டவுனில் பழைய வீடு வாங்கிக் குடியிருப்பது

வாய்க்காலுக்குக் கிழக்கே ஒயிட் டவுனில் இல்லை, இந்தப் பக்கம், மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவில் இருக்கிற தமிழ்ப் பகுதியில் பழைய வீடு வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அதில் பாதிப் பேர் சென்னை, பெங்களூர்க்காரர்கள். ஒரு சனி ஞாயிறு வந்து தங்கி, திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்து, திரும்பிப் போனதும் வீட்டு விலை விசாரிக்கிறார்கள். கொரோனாவுக்கு முன்பே இங்கே ஒரு வீட்டை வாங்கி, இடிக்காமல் பழுது பார்த்து, அன்றிலிருந்து அதிலேயே குடியிருக்கிறவள் நான். வீட்டைப் பற்றி எனக்குப் புகார் ரொம்பக் குறைவு. தெருவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

நாங்கள் வந்தது லாஸ்பேட்டையிலிருந்து. ஊர் மொத்தமும் டவுன் வீட்டை விற்றுவிட்டு லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று போய் கார் ஷெட்டோடு வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் எதிர்த்திசையில் வந்தோம். புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், மாமியாருக்குக் கோயில், எனக்குப் பெரிய மார்க்கெட், இவ்வளவுதான் எங்கள் கணக்கு.

முதலில் பத்திரம். இங்கே வீட்டை விட பத்திரம்தான் பழசு. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆட்சி கைமாறினாலும் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான், அதனால் தாத்தா காலத்துப் பத்திரம் என்றால் பிரெஞ்சில், நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதிகிற பிரெஞ்சு அதிகாரி) எழுதினதாக இருக்கும். அதை மொழிபெயர்த்து, அதற்கு வக்கீலிடம் கருத்து வாங்கி, பிறகுதான் வங்கி பக்கம் போகவே முடியும். அடுத்தது வாரிசுகள். எங்களுக்கு விற்றது ஒரு சொல்தா குடும்பம். பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர், பிள்ளைகள் எல்லோரும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் செட்டில் ஆகிவிட்டார்கள், ஒரு மகள் மட்டும் முத்தியால்பேட்டையில். இப்படிப்பட்ட குடும்பங்களில் சிலருக்கு வாரிசுரிமை இந்து சட்டப்படி போகாது, பிரெஞ்சு சிவில் சட்டப்படி போகும். 1881-ஆம் வருஷ ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து எழுதிக்கொடுத்தவர்களின் வம்சமா என்று பார்க்க வேண்டும். இது தெரிந்த வக்கீலைப் பிடியுங்கள். சென்னை வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இடத்தில் தடுமாறுவார்.

வெளிநாட்டில் எழுதின பவர் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். ஒரு அண்ணன் கையெழுத்துப் போட மறுத்து ஒரு வருஷக் கோடை முழுக்க இழுத்தார், காரணம் பணமே இல்லை, தங்கச்சி தன்னைக் கேட்காமல் விலை பேசிவிட்டாளாம். அப்புறம் வரி. விற்கிறவர் உள்நாட்டில் குடியிருப்பவர் என்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற விலைக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் இருக்கிறவர் என்றால் கதையே வேறு, பிடித்தம் பல மடங்கு, நாங்கள் வாங்கியபோது அதற்கென்று டான் எண்ணும் (வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான எண்) எடுக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டுக்கு அக்காவுக்கு ஒரு விதம், தம்பிக்கு ஒரு விதம். புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரிந்தது குழிக் கணக்கு மட்டும்தான் (ஒரு குழி 576 சதுர அடி, எங்களுடையது மூன்று குழிக்குக் கொஞ்சம் குறைச்சல்).

எல்லா வாரிசும் நேரிலோ வீடியோவிலோ முகம் காட்டும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆள் இல்லாத பிரான்ஸ்காரர் வீட்டைப் போலிப் பத்திரம் போட்டு விற்றார்கள் என்ற செய்தி இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

வங்கிக் கடனைப் பெரிதாக நம்ப வேண்டாம். எங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டது. நாங்கள் எதற்காக அந்த வீட்டை வாங்கினோமோ, அந்தத் தேக்குத் தூணுக்கும் முற்றத்துக்கும் அவர்கள் காகிதத்தில் பூஜ்யம். வயதான கட்டடமாம்.

இப்போது கட்டடம். தெருவில் தாழ்வாரம், பிறகு திண்ணை, நடை, முற்றம், அதைச் சுற்றிக் கூடம், பின்கட்டு, கிணறு. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதிக்கிற வேலை. முன்பு இருந்தவர்கள் சுவரின் கீழ்ப்பாதிக்கு சிமென்ட் பூசிவிட்டிருந்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. உண்மையில் சுண்ணாம்புச் சுவர் வாங்குகிற ஓதத்தை அதுவே வெளியேயும் விட்டுவிடும். மேலே சிமென்ட்டைப் பூசி அடைத்தால் ஈரம் மேலே மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டும். கடற்காற்று வேறு. அத்தனை சிமென்ட்டையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினோம். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தவர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைக் கலந்துதான் பூசுவேன் என்றார், அவசரப்படுத்தினால், "சிமென்ட்டுக்காரன் நாளைக்கே முடிச்சிக் குடுப்பான், வேணும்னா அவனையே கூப்பிட்டுக்கங்கம்மா" என்று கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். வீடு வாங்கின விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழுதுக்கே போனது. புதுசாகக் கட்டியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று இன்றும் என் கணவர் சொல்வார், அவர் சொல்வது சரிதான்.

ஆனாலும் சித்திரை வெயிலில் கூடத்தில் ஏசி இல்லாமல் உட்கார முடிகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, இங்கே முற்றத்துத் தண்ணீர் அதன் வழியே வடிந்து போய்விட்டது. ஆனால் கூரையை வருஷா வருஷம் பார்க்காவிட்டால் இந்த வீடுகள் மன்னிக்காது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடமே (பழைய நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, இப்போது நிற்பது அதே மாதிரி புதிதாகக் கட்டியது. ஐப்பசி கார்த்திகையில் வீடு பார்க்கப் போங்கள். பங்குனியில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

தண்ணீர் உப்பு, குடிக்க கேன்தான். கார் இருந்தால் தலைவலி, வாரக் கடைசியில் வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ரொம்பப் பழகிவிட்டது, மேலே எழுத ஒன்றுமில்லை.

தெருவுக்கு வருகிறேன். பக்கத்து வைசியாள் வீதியை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டப் பணத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு முன்னின்று அந்த வீதியின் முகப்புகளைச் சீர்செய்தது, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. நல்ல வேலை, சந்தேகமே இல்லை. அது நடந்திராவிட்டால் இந்தப் பக்கம் பாதி வீடுகள் இந்நேரம் இரும்பு ஷட்டர் போட்ட கடைகளாகியிருக்கும். ஆனால் தாழ்வாரத்தையும் தூணையும் காப்பாற்ற வழி இருந்தது, அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்ற ஒரு திட்டமும் இல்லை. முகப்பு அழகானதும் விலை ஏறியது, விலை ஏறியதும் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு விற்றார்கள், வாங்கினவர்கள் தங்கும் விடுதி ஆக்கினார்கள். நாங்கள் வந்தபோது எங்கள் வரிசையில் பெரும்பாலும் குடும்பங்கள். இப்போது நாங்கள், ஒரு ஆசிரியர் வீடு, வயதான ஒரு அம்மா. மீதியெல்லாம் ஹோம் ஸ்டே, ஒரு கஃபே, ஒரு துணிக்கடை.

எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த அக்கா போனதுதான் எனக்குப் பெரிய அடி. மாவு அரைத்துக் கொடுப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. வீட்டுக்காரர் விற்றுவிட்டார். "இந்த வாடகைக்கு இனிமே டவுன்ல யாரு வீடு குடுப்பா சொல்லு" என்று வில்லியனூர் பக்கம் போனார். அந்த வீடு இப்போது ஆறு அறை விடுதி. மாதாமாதம் வாடகை கொடுக்கிற இடத்தில் ஒரே வாரக் கடைசியில் அந்தப் பணம் வருகிறது என்றால் வீட்டுக்காரரை எப்படிக் குறை சொல்ல?

வாரநாளில் தெரு அமைதியாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கும். பெட்டி உருட்டுகிற சத்தம், ராத்திரி ஒரு மணிக்கு வாடகை ஸ்கூட்டர், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள். ஒரு தரம் ஒரு பெண் கூடம் வரை வந்து "ரூம் இருக்கா" என்றாள், மாமியார் "இருக்கு, என் ரூம்தான்" என்றார். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிற சாமி தெருவுக்குள் வந்தால், முன்பெல்லாம் வாசலுக்கு வாசல் தட்டு நீட்டுவார்கள், நகரவே நேரமாகும். இப்போது எங்கள் வரிசையில் தட்டு நீட்ட மூன்று வாசல். மற்ற வாசல்களில் போனோடு நிற்கிறார்கள்.

இதில் எங்களுக்கும் பங்கு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நாங்கள் கொடுத்த விலையைக் காட்டித்தான் புரோக்கர் அடுத்த வீட்டுக்கு விலை சொன்னார். அது நாங்கள் குடியிருந்தாலும் நடந்திருக்கும், விடுதி வைத்திருந்தாலும் நடந்திருக்கும்.

முதலீடாகப் பார்க்கிறவர்களுக்கு: ஏறியிருக்கிறது, இன்னும் ஏறலாம். ஆனால் விற்பது லேசு இல்லை. பத்திரத்தில் நாங்கள் பட்ட பாட்டை நம்மிடம் வாங்குகிறவரும் கொஞ்சம் படுவார், ஜி.எல்.ஆர் மதிப்புக்கும் (பதிவுக்கு அரசு வைத்திருக்கிற வழிகாட்டி விலை) கைமாறுகிற விலைக்கும் உள்ள இடைவெளி வேறு. குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றால் அந்த வீதியில் ஒரு சனிக்கிழமை ராத்திரியும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையும் நின்று பாருங்கள். காலையில் எத்தனை வாசலில் கோலம் இருக்கிறது என்று எண்ணுங்கள், கோலத்தை வேலைக்காரப் பெண் விடுதிக்காகப் போடுகிறாளா என்பதையும் சேர்த்து. இரண்டு பக்கச் சுவரும் பொதுச் சுவர், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள். அவர் இடித்தால் உங்கள் சுவரும் ஆடும். என்னைக் கேட்டால் வைசியாள் வீதி மாதிரிப் பேர் வாங்கின வீதி வேண்டாம், காந்தி வீதிக்கு மேற்கே இன்னும் குடும்பங்கள் இருக்கிற குறுக்கு வீதிகளைப் பாருங்கள், அல்லது தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம்.

எங்களுக்கு இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை. மாடி அறையையும் பக்கத்துச் சின்ன அறையையும் சேர்த்து வாடகைக்கு விடலாமா என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது, மாத வாடகைக்கு, ஒரு குடும்பத்துக்கு. நாள் வாடகையில் வருவதில் கால் பங்கு கூட வராது என்று என் கணவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். மாமியார் அதற்குள் வில்லியனூருக்குப் போன் போட்டுவிட்டார்.