பொள்ளாச்சிக் காற்றும் ஸ்பிளெண்டர் மைலேஜும்: சில வருட அனுபவம்

உடுமலையில் வீடு, பொள்ளாச்சியில் வேலை. ஒரு நடைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், கோமங்கலம் வழியாக மேற்கே போகிற நெடுஞ்சாலை. 2020இல் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தபிறகு எடுத்த ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்தான் வண்டி. 97.2 சிசி, நான்கு கியர், 9.8 லிட்டர் டேங்க், கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். மைலேஜ் எவ்வளவு தருகிறது என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பேன். காற்று ஓய்ந்த மாதங்களில் 70ஐத் தாண்டும் அதே வண்டி, ஆடியில் 60ஐ ஒட்டி இறங்கிவிடும்.

இந்த எண்களை எப்படி எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. ஒரே பங்க், முடிந்தால் அதே குழாய். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் மட்டம் மாறிவிடும். ஐந்து லிட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு மறுபடி அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். ஒரு தடவை வந்த எண்ணை நம்பாமல் நாலைந்து தடவை சராசரி பார்ப்பது நல்லது.

சரி, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிற வாசலில்தான் எங்கள் ஊர்கள் இருக்கின்றன. உடுமலையைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது எதிர்க்காற்று, மாலையில் திரும்பும்போது முதுகில் காற்று. போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்கு அப்படி வராது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வண்டி 50இல் போகிறது, எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால், நாம் கிழித்துக்கொண்டு போவது 70 கிலோமீட்டர் காற்றை. தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. திரும்பும்போது 30 கிலோமீட்டர் காற்றுதான், தடை மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால், காற்றே இல்லாத நாளைவிடத் தடை ஆறில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும். இதில் எஞ்சினை என்ன செய்தாலும் மாறாது.

மாற்ற முடிந்தது வேகமும் நேரமும்தான். ஆடியில் போகும்போது 45ஐத் தாண்டுவதில்லை. வரும்போது 55 வரை விட்டாலும் நஷ்டமில்லை. விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன். மற்ற மாதங்களிலும் 60இல் போவதற்கும் 45இல் போவதற்கும் உள்ள வித்தியாசம் டேங்கில் நன்றாகவே தெரிகிறது. நேரத்தில் பத்து நிமிடம்தான். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று படாது என்று சிலர் செய்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் லாரிக்காரர் ப்ரேக் அடித்தால் நமக்கு மிஞ்சுவது என்ன?

அடுத்தது உருளும் பாகங்கள். ஒரு கோடையில் காரணமே தெரியாமல் மைலேஜ் சரிந்துகொண்டே வந்தது. பிளக், ஃபில்டர் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, தெருமுனை மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். அரைச் சுற்றுக்குள் நின்றுவிட்டது. “எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லீங்ணா, ப்ரேக்கைப் புடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க” என்றார். அதற்கு முந்தைய சர்வீஸில் ப்ரேக் ராடை அளவுக்கு மீறி முறுக்கி விட்டிருந்தார்கள். நட்டைச் சில சுற்று தளர்த்தி, டிரம்முக்குள் ஷூவைச் சுத்தம் செய்ததோடு சரி, பழைய மைலேஜ் வந்துவிட்டது. அப்போதிருந்து சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. செயினையும் அப்படித்தான்: இழுத்துக் கட்டினாலும் இழுவை, தொங்கவிட்டாலும் இழுவை.

டயர் காற்று முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் 28. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் 40ஐ ஒட்டி வைக்கச் சொல்கிறது கம்பெனி. பங்கில் காற்றுப் பிடிப்பவர் கேட்காமலே இரண்டுக்கும் 30 வைத்துவிடுவார். மனைவியோடு பழனிக்குப் போகும்போது அந்த 30 போதாது. தனியே போகும்போது முன்சக்கரத்துக்கு அது அதிகம், பிடிமானம் குறையும்.

நான்கு வருடத்தில் காதில் விழுந்த யோசனைகளில் பாதி கார்ப்பரேட்டர் காலத்தவை. “ட்யூன் பண்ணித் தரேன்” என்பார்கள். இந்த வண்டியில் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருகி மாற்றும் ஸ்க்ரூவே கிடையாது, அதை முடிவு செய்வது இ.சி.யு. என்ற மின்னணுப் பெட்டி. இங்கே தேங்காய் நார் பிரிக்கும் மஞ்சி மில் தூசியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், உண்மைதான். பழைய வண்டியில் அது நேராக மைலேஜைத் தின்னும். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோலையும் சேர்த்துக் குறைத்துக்கொள்வதால் பிக்கப்தான் முதலில் போகும். காகித ஃபில்டரைக் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள். 10டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் சத்தம் அடங்கும், கூடவே இழுவையும் கூடும். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் சீசா மருந்து இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வால்பாறையிலிருந்து இறங்கும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களைப் பார்க்கிறேன். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை மூடினாலே இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். போதாததற்கு டிரம் சூடேறி ப்ரேக் பிடிக்காமல் போகிற ஆபத்து வேறு.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றியும் கேட்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆகவே மைலேஜ் குறையத்தான் செய்யும். இ10க்குச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் என்று 2021ஆம் ஆண்டு நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. என் கணக்கிலும் லிட்டருக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் காணோம். பத்துப் பதினைந்து குறைந்துவிட்டது என்பவர்கள் ஒரு முறை பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

பின் டயர் இப்போது தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்திருக்கிறது. அகலமான டயர் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்கிறான் தம்பி. கம்பெனி அளவிலேயே வாங்கப் போகிறேன்.